அயலவர் யார்?

பதிவுத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது என்று கேட்டால், மாதச் சம்பளத்தில் வாழும் நம்மவர் பலருக்கு நெஞ்சு ஒரு கணம் திடுக்கிடுவது இயல்பு. இடமாற்றக் கட்டளையோ, வங்கியின் நினைவூட்டலோ, நீதிமன்ற அழைப்பாணையோ என்று மனம் பலவாறு அலையும். 2026 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலைப் பொழுதில், கல்லூரியிலிருந்து நான் வீடு திரும்பியபோது அத்தகைய கடிதம் ஒன்று மேசைமீது எனக்காகக் காத்திருந்தது. என் மனைவி அதைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். "நல்ல செய்தியானாலும் நீங்களே படியுங்கள், கெட்ட செய்தியானாலும் நீங்களே படியுங்கள்" என்று கூறிவிட்டுத் தேநீர் போடச் சென்றாள்.

கடிதம் எங்கள் பிரதேச சபையிலிருந்து வந்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அருகேயுள்ள பேரங்காடியை மூன்று மாடிகளாக விரிவாக்குவதற்கும், அதன் பின்புறமுள்ள நிலத்தைக் குடியிருப்பு வலயத்திலிருந்து வர்த்தக வலயமாக மாற்றுவதற்கும் விண்ணப்பம் கிடைத்திருக்கிறதாம். "அயற்காணி உரிமையாளர் என்ற முறையில் தங்களுக்கு ஆட்சேபனை ஏதும் இருப்பின், பதினான்கு நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவும்" என்று அதில் கண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்குச் சிறிது பெருமையாகவே இருந்தது. லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவன் நான். என் தந்தையார் தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்தவர். தாயார் கொழுந்துக் கூடை சுமந்தவர். அவ்விருவரின் பெயருக்கும் வாழ்நாளில் ஒரு சாண் நிலம் இருந்ததில்லை. நானோ வங்கிக் கடன் பெற்றுப் பத்துப் பேர்ச்சஸ் காணி வாங்கி, அதில் ஒரு வீடும் கட்டிக்கொண்டவன். "அயற்காணி உரிமையாளர்" என்று அரசாங்க முத்திரையோடு ஒருவர் என்னை அழைக்கிறார் என்றால், பெருமை தோன்றாமல் இருக்குமா?

எங்கள் ஊர் அட்டனிலிருந்து சில கட்டை தூரத்தில், மலைச்சரிவை ஒட்டி அமைந்த ஒற்றைத் தெரு நகரம். பெயர் இங்கு வேண்டா. நுவரெலியா மாவட்டத்தின் எந்தச் சிறுநகரையும் வாசகர் தம் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் கடைவரிசை, மறுபக்கம் பள்ளம்; நடுவே பஸ் தரிப்பிடம், தபாற்கந்தோர், பிள்ளையார் கோயில்; நாற்புறமும் தேயிலை. இந்நகரங்கள் இவ்வாறு நெருக்குண்டு கிடப்பதற்கு மலை மட்டும் காரணம் அன்று. தோட்டத்து நிலம் முதலில் வெள்ளைத் துரைமாரின் கம்பெனிகளிடம் இருந்தது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அஃது அரசின் கைக்கு வந்தது. 1992 இல் அதன் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. உடையவர்கள் மாறினார்களே ஒழிய, எல்லைக் கல் பெரிதும் அசையவில்லை. ஆதலால் இங்கு நகரம் வளர வேண்டுமாயின், சரிவை வெட்டியோ பள்ளத்தை நிரப்பியோதான் வளர வேண்டியிருக்கிறது.

அத்தகைய சரிவொன்றிலேதான் அந்தப் பேரங்காடி சில ஆண்டுகளுக்கு முன் எழுந்தது. நான் அதற்குப் பகைவன் அல்லன். வாரந்தோறும் அங்கே பொருள் வாங்குகிறவன். பொருளின் மீது விலை எழுதியிருக்கிறது. எடை சரியாக இருக்கிறது. சேலை கட்டிய தோட்டத்துப் பெண்ணும் காரில் வந்திறங்கும் கனவானும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். என்னிடம் படித்த பிள்ளைகள் நால்வர் அங்கே வேலை செய்கிறார்கள். கொழும்புக்குப் போய்ப் புடைவைக்கடை வாசலில் நின்று கால் கடுக்கும் எங்கள் இளைஞர்களுக்கு, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வேலை கிடைப்பது சிறிய காரியமா?

கடிதம் வந்த மறுநாளே ஒரு காணித் தரகர் என்னைத் தேடி வந்தார். "மாஸ்டர், நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். அந்த நிலம் வர்த்தக வலயமானால், அடுத்தது உங்களுடைய நிலந்தான். இன்று பேர்ச்சஸ் என்ன விலையோ, அதைப்போல மூன்று மடங்கு கேளுங்கள், நான் வாங்கித் தருகிறேன்" என்றார். என் மூத்த மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காவிட்டால் என் செய்வது என்ற கவலை எங்கள் இருவருக்கும் உண்டு. அன்றிரவு நானும் என் மனைவியும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. ஆயினும் இருவரும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது இருவருக்கும் தெரியும்.

அடுத்த நாள் கடைத்தெரு வியாபாரிகள் சிலர் ஒரு மனுவோடு வந்தனர். பேரங்காடி பெருத்தால் சிறு கடைகள் அழியும், ஆகையால் நீங்களும் கையொப்பம் இட வேண்டும் என்றனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் பேனாவைக் கையில் எடுத்தபோது, என் தந்தையாரின் பற்றுக் கொப்பி நினைவுக்கு வந்தது.

அந்நாளில் நாங்கள் பொருள் வாங்கிய கடையில் எங்கள் பெயருக்கு ஒரு கொப்பி இருந்தது. அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் யாவும் அதில் ஏறும். விலை என்னவென்று நாங்கள் கேட்பதில்லை, கேட்டாலும் பயனில்லை. சம்பள நாளன்று தந்தையார் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவார். நிலுவை மட்டும் குறைந்ததே இல்லை. தோட்டத் தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைக் கொண்டே அவனை ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் ஒழியவில்லை, அது கடைக் கொப்பிக்குள் குடிபுகுந்தது. ஆனால் இதையும் சொல்லத்தான் வேண்டும்: என் தந்தையார் காலமானபோது, கருமாதி முடியும்வரை எங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்பியவர் அதே முதலாளிதான். அந்தப் பணத்தை அவர் பின்னர் கேட்கவும் இல்லை. இவ்விரண்டும் உண்மை. ஆகவே, "யோசித்துச் சொல்கிறேன்" என்று கூறி வியாபாரிகளை அனுப்பிவைத்தேன்.

பதினான்கு நாட்களில் ஐந்து நாட்கள் இவ்வாறு கழிந்தன. ஆறாம் நாள் புவியியல் பாடம் முடிந்ததும், என் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். "சேர், கடை பெருசாகப் போகுதுன்னு சொல்றாங்க, உண்மையா? அப்பாயி உங்களை ஒருதரம் லயத்துக்கு வரச் சொன்னாங்க" என்றாள்.

அவள் வாழும் லயம் பேரங்காடிக்கு நேர் கீழே இருக்கிறது. என் வீட்டுக்கும் கடைக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதிகூட அந்த லயத்துக்கும் கடைக்கும் இடையே இல்லை. பன்னிரண்டு காம்பராக்கள், பன்னிரண்டு குடும்பங்கள். நான் அன்றாடம் என் வாசலிலிருந்து அந்தத் தகரக் கூரைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆயினும் கடிதம் வந்த நாள் முதல் அவர்களைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணியிருக்கிறேனா என்று கேட்டால், இல்லை என்றே வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை சென்றேன். இஸ்தோப்பில் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு கதிரையை வைத்து என்னை உட்காரச் சொன்னார் அந்த மூதாட்டியார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தேநீர் தந்தபின், "வாங்கய்யா, வந்து பாருங்க" என்று லயத்தின் பின்புறம் அழைத்துச் சென்றார். அங்கே மண்ணை வெட்டி நிறுத்திய செங்குத்தான சரிவு. அதன் உச்சியில் பேரங்காடியின் வாகனத் தரிப்பிடத்தைத் தாங்கும் மதில். லயத்தின் மேற்புறமாக மழைநீரை ஓடைக்குக் கொண்டு சென்ற பழைய கான், மதில் கட்டிய காலத்தில் மண்ணால் மூடுண்டு போயிற்றாம். கடைக் கூரையின் நீரும் தரிப்பிடத்தின் நீரும் இப்போது மதிலின் துவாரங்கள் வழியே நேராக லயத்தின் பின்சுவரில் வந்து விழுகின்றன. தெருவுக்கு ஏறும் குறுக்குப் பாதையும் அடைபட்டுவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்ல அரைக் கட்டை சுற்றிப் போகிறார்கள். மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஏறி வந்த பாதையும் அதுதான்.

"போன நவம்பர்ல நாலு ராத்திரி பள்ளிக்கூட மண்டபத்துல படுத்தோம் ஐயா. மேல என்ன நடக்குதுன்னு எங்களுக்கு யாரும் சொல்றதில்ல. மண்ணு சரியிற சத்தத்த வச்சுத்தான் நாங்க தெரிஞ்சுக்கணும்" என்றார் மூதாட்டியார்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டதை வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளை மூடின. சாலைகளும் ரயில் பாதையும் துண்டுபட்டன. அந்த லயத்தில் உயிர்ச்சேதம் ஏதும் நேரவில்லை. பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு மட்டும் இருந்தது. அதில் என் விரல் நுழைந்தது.

"உங்களுக்குச் சபையிலிருந்து கடிதம் வரவில்லையா?" என்று வினவினேன். கேட்ட மாத்திரத்திலேயே கேள்வியின் பேதைமை எனக்கு விளங்கிவிட்டது. அவர்கள் காணி உரிமையாளர் அல்லர். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கடிதம் அனுப்பலாமென்றாலும் காம்பராக்களுக்குத் தனி விலாசம் இல்லை. எல்லாக் கடிதங்களும் தோட்டக் கந்தோருக்கே வரும். சட்டத்தின் கண்ணுக்கு, அந்தப் பேரங்காடியின் அயலவன் நான். நாற்பது யார் மேலே இருக்கும் மதிலைப் பார்த்துக்கொண்டே உறங்கும் பன்னிரண்டு குடும்பங்களும் அயலவர் அல்லர்!

இது நேற்று முளைத்த வழக்கம் அன்று. 1930களின் பிற்பகுதியில் கிராமச் சங்கங்களுக்கான வாக்குரிமை விரிந்தபோது, லயங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளர் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனையடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாட்டின் வாக்காளர் இடாப்பிலிருந்தே அகற்றின. குடியுரிமை படிப்படியாகத் திரும்பி வந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் அந்த அத்தியாயம் பெரும்பாலும் முடிந்தது. இடையில் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் வந்தது. அதன் 33 ஆம் பிரிவு இருந்தபடியால், சபைகள் தம் நிதியைக் கொண்டு தோட்டக் குடியிருப்புகளுக்கு ஒரு பாதையோ கானோ அமைத்துக் கொடுக்க இயலாத நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவு செய்யலாம். ஆனால் அந்தத் தவிசாளர் லயத்து வாசலில் ஒரு வண்டிக் கல்லும் கொட்ட முடியாது! 2018 இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களுக்கும் சபைகள் கிடைத்தன. அதுவரை அம்பகமுவவின் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு, அட்டன் – டிக்கோயா நகர எல்லை நீங்கலாக, ஒரே ஒரு பிரதேச சபைதான்.

சட்டம் திருந்திவிட்டது, கடித உறையின் மேல் எழுதும் விலாசம் இன்னும் திருந்தவில்லை என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்பினேன்.

இத்தகைய விசாரணைகளைக் கட்டடம் எழுமுன் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதை நான் சென்னையில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் திருமணத்துக்காகச் சென்றிருந்தபோது தியாகராய நகருக்கு அழைத்துச் சென்றார்கள். 1920களில் மாம்பலத்துப் பழைய ஏரியைத் தூர்த்து, குடியிருப்புக்கென்று ஒழுங்காக வகுத்த பேட்டை அது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. பின்னர் உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் துணிக்கடைகளும் பாத்திரக் கடைகளும் மாடிமேல் மாடியாக எழுந்தன. அனுமதித்த வரைபடம் ஒன்று, எழுந்த கட்டடம் வேறொன்று என்பது அங்கே வழக்கமாயிற்று. 1971 ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டத்தில் 1998 இல் 113-அ என்னும் பிரிவைச் சேர்த்து, 1999 பெப்ரவரி 28 வரை விதி மீறி எழுந்தவற்றைப் பணம் பெற்று ஒழுங்குபடுத்த வழி செய்தார்கள். ஒரே முறைச் சலுகை என்று தொடங்கியதைப் பின்னர் நீட்டிக்கொண்டே போக, 2006 இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகள் செல்லா என்றது. 2011 ஒக்டோபர் இறுதியில் அதிகாரிகள் பல பெருங்கடைகளுக்கு முத்திரை வைத்தார்கள். 2012 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் அவை மீண்டும் திறந்தன. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் தீப்பற்றி ஒரு நாளுக்கு மேலாக எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது. அக்கம் பக்கத்துக் குடியிருப்பாளர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

கட்டி முடித்தபின் கேட்கும் கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. அதற்குள் ஆயிரம் பேருக்கு அங்கே வேலை, பல்லாயிரம் பேருக்கு அங்கே வாடிக்கை. எந்த நீதிபதிதான் இலகுவில் இடிக்கச் சொல்வார்? சமவெளியில் நிகழ்ந்தது இது. சரிவில் நிகழ்ந்தால் முத்திரை வைப்பதற்கும் அவகாசம் இராது.

யாரைக் கேட்பது என்ற கேள்வியும் எங்களுக்கு மட்டும் உரியது அன்று. 1973 இல் பிரான்ஸ் தேசத்தில் ஒரு சட்டம் வந்தது. குறித்த பரப்புக்கு மேற்பட்ட கடை திறப்பதாயின், மாவட்டக் குழு ஒன்றின் அனுமதி வேண்டும். அக்குழுவின் இருபது ஆசனங்களில் ஒன்பது மக்கள் பிரதிநிதிகளுக்கு, ஒன்பது வணிகர் தரப்புக்கு, இரண்டு நுகர்வோருக்கு. அதே 1973 இல் யப்பானும் பெருங்கடைச் சட்டம் இயற்றிச் சிறு வியாபாரிகளின் சொல்லுக்கு இடம் கொடுத்தது. இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்வி, "யாருடைய வியாபாரம் கெடும்?" என்பதே. ஆனால் யப்பானியர் 2000 ஆம் ஆண்டில் அச்சட்டத்தை நீக்கிவிட்டு வேறொன்றைக் கொண்டுவந்தனர். புதிய சட்டம் கடையின் போட்டியைப் பற்றிக் கேட்பதில்லை; வாகன நெரிசல், இரைச்சல், குப்பை ஆகியவற்றால் அயலில் வாழ்வோருக்கு என்ன நேரும் என்று கேட்கிறது. எங்கள் ஊரில் வியாபாரிகளின் மனுவும் தரகரின் ஆலோசனையும் பழைய கேள்விக்குரிய விடைகள். அப்பாயி காட்டிய வெடிப்பு புதிய கேள்விக்குரிய விடை.

மறுநாள் மாலை, நானும் என் மாணவர் சிலரும் லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து ஆட்சேபனைக் கடிதத்தை எழுதினோம். கடை வேண்டாம் என்று நாங்கள் எழுதவில்லை. அந்த மாணவியின் தம்பியே அங்கு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். சபையில் காட்சிக்கு வைத்திருந்த வரைபடத்தின்படி புதிய கூரையும் தரிப்பிடமும் சேர்ந்து ஏறத்தாழ 10,000 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அதிலிருந்து எவ்வளவு நீர் இறங்கும் என்று மாணவியைக் கணக்கிடச் சொன்னேன். 23,000 லீற்றருக்கும் மேல் வந்தது. எங்கள் பக்கத்தில் ஓர் அங்குலம் என்பது பெருமழையும் அன்று. அந்தத் தொகையை அவள் வாசித்தபோது இஸ்தோப்பில் இருந்தவர்கள் யாரும் வியப்படையவில்லை. கணக்குத் தெரியாவிட்டாலும் அந்த நீரை அவர்கள் வாளி வாளியாக வெளியே இறைத்திருக்கிறார்கள்.

மூன்று வேண்டுகோள்கள் எழுதினோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் மேலேயுள்ள காணியை மட்டுமன்றிக் கீழேயுள்ள லயத்தையும் நேரில் பார்த்தபின்பே அனுமதி பற்றிப் பேச வேண்டும். மழைநீர் ஓடைவரை செல்லக் கொங்கிறீற்றுக் கான் ஒன்றைக் கட்டடத்துக்கு முன்பாகவே அமைக்க வேண்டும். குறுக்குப் பாதையைப் பொதுப் பாதையாக வரைபடத்தில் குறித்துத் திறந்துவிட வேண்டும். பன்னிரண்டு குடும்பத்தாரும் கையொப்பமிட்டனர். பதின்மூன்றாவதாக நான் இட்டேன். என் வீட்டு விலாசத்தையே அவர்கள் எல்லோருக்கும் உரிய விலாசமாகக் குறித்தோம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கூறினேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மூன்று மடங்கு விலைக்கு விற்றுவிட்டு நாம் எங்கே போய் வீடு கட்டுவோம்? இன்னொரு சரிவில்தானே" என்றாள். அவளுக்கு ஏமாற்றமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். எனக்கும் இருந்தது.

சபையில் எங்கள் கடிதத்தைப் பெற்ற உத்தியோகத்தர் நல்லவர். ஆனால் விதியை அறிந்தவர். "சேர், உங்கள் கையொப்பத்தை ஏற்கலாம். மற்றவர்கள் உரிமையாளர் இல்லையே, பதிவு செய்ய வழியில்லை" என்றார். நான் வாதாடவில்லை. திட்டமிடல் குழு கூடும் நாளில் எங்களை நேரில் கேட்கும்படி தவிசாளருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின், 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை இந்நாட்டில் உள்ளூராட்சி மக்கள் பிரதிநிதிகள் இன்றியே நடந்தது. அந்த மதில் எழுந்த காலமும் அதுதான். அன்று கேட்பதற்கு ஆளில்லை. இப்போது வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்து போன உறுப்பினர்கள் சபையில் இருக்கிறார்கள். எங்களை அழைத்தார்கள்.

கூட்டத்தில் கம்பெனியின் பொறியியலாளர் வரைபடத்தை விரித்து விளக்கினார். மரியாதையான இளைஞர், தம் தொழிலை அறிந்தவர். வியாபாரிகள் தம் மனுவை வாசித்தனர். அடுத்து எங்கள் முறை வந்தது. நான் கணக்கைச் சொன்னேன். அப்போது உறுப்பினர் ஒருவர், "இவர்கள் தோட்டத்து ஆட்கள். காணிச் சொந்தக்காரர் தோட்டம். தோட்டம் ஒன்றும் எழுதவில்லையே?" என்று கேட்டார். அக்கேள்வியில் வன்மம் இல்லை; பழக்கந்தான் இருந்தது.

அப்பாயி எழுந்து நின்றார். கையில் ஒரு கடதாசியும் இல்லை.

"மண்ணு எங்களுது இல்லதான் ஐயா. எங்க பாட்டன் காலத்துலயிருந்து இங்கதான் இருக்கோம், ஆனா எங்களுது இல்ல. சரி. அந்த மண்ணு சரிஞ்சா யாரு தலையில விழும்? அத மட்டும் சொல்லிட்டுக் கடையக் கட்டுங்க" என்று கூறிவிட்டு அமர்ந்தார்.

சில கணங்கள் ஒருவரும் பேசவில்லை. பிறகு தவிசாளர் பொறியியலாளரைப் பார்த்து, "நீங்கள் கீழேயிருந்து மேலே பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் இல்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொண்டார்.

கதைகளில் வருவதுபோல் யாவும் இன்பமாக முடிந்தது என்று நான் எழுதமாட்டேன். வலய மாற்றத்தில் நகர அபிவிருத்தி அதிகாரசபையின் முடிவும் வேண்டும். அந்த முடிவு இன்னும் வரவில்லை. கட்டடத்தைச் சரிவின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி அமைப்பது பற்றிப் பேச்சு நடக்கிறது. கம்பெனி அதற்கு இணங்கலாம், இணங்காமலும் போகலாம். வியாபாரிகளில் சிலருக்கு என்மேல் மனத்தாங்கல்; தரகருக்கு என்மேல் இரக்கம். வெடிப்பு விழுந்த சுவரைத் தோட்டம் இன்னும் பூசவில்லை. லயத்துக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைக்கும் நாள் எந்நாளோ, அதுவும் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான்: பழைய கானைத் தோண்டித் திறந்துவிட்டார்கள். ஆராய்ச்சி நிறுவனத்தாரின் பரிசோதனை நாளை அறிவிக்கும் கடிதத்தைச் சபை இம்முறை இரண்டு இடங்களுக்கு அனுப்பிற்று. ஒன்று எனக்கு வந்தது. மற்றொன்று, "லயக் குடியிருப்பாளர்கள்" என்று விலாசமிட்டுத் தோட்டக் கந்தோர் வழியாக அப்பாயியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பேத்தியை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். பிறகு அதை மடித்து, சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அவர் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து வந்த கடிதங்களில், அவரிடம் ஒன்றைக் கேட்டு வந்த கடிதம் இதுவே முதலாவதாம்.

பரிசோதனைக்கு அவர்கள் வரும் நாளில் எனக்குக் கல்லூரி உண்டு. விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.